யூரியா மூட்டையில் பாதி எங்கே போகிறது?



யூரியா மூட்டை ஒன்று இன்று 45 கிலோ. அதில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. விஞ்ஞானிகள் அதை நைட்ரஜன் என்பார்கள். மூட்டைக்கு ஏறக்குறைய 20 கிலோ 700 கிராம் தழைச்சத்து என்று ஆகிறது. லாரியிலிருந்து இந்த மூட்டையை முதுகில் இறக்குகிறவர்கள் நாம். கூடையில் அள்ளிக்கொண்டு சேற்றில் இறங்கித் தூவுகிறவர்களும் நாம்தான். ஆனால் தூவிய சத்து எங்கே போய்ச் சேருகிறது என்ற கணக்கை மட்டும் நம்மிடம் யாரும் சொல்வதில்லை.

நெல்லுக்கும் வைக்கோலுக்கும் போய்ச் சேருவது பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. மிச்சத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு மண்ணுக்குள் இறங்கிக் கிணற்று நீரில் நைட்ரேட்டாகக் கலந்து விடுகிறது. ஒரு பகுதி, உரம் போட்ட சில நாளிலேயே அம்மோனியாவாக ஆவியாகிப் போகிறது. கோழிப் பண்ணையில் குப்பை அள்ளுகிறவர்களுக்குக் கண் எரிகிறதே, அது இந்த அம்மோனியாவின் வேலைதான். இன்னொரு பகுதி, காற்றில் எப்போதும் இருக்கிற சாதாரண நைட்ரஜனாக மாறி வந்த வழியே திரும்பிப் போகிறது. அதனால் காசு நஷ்டம், வேறு கேடில்லை. கடைசியில் மிகச் சிறிய பங்கு ஒன்று, நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற வாயுவாக மண்ணிலிருந்து கிளம்புகிறது. நிறமில்லை. வயலில் அதன் வாடையும் தெரியாது. இன்று நாம் பேசப் போவது இந்தச் சிறிய பங்கைப் பற்றித்தான்.

சிறிய பங்குதானே, அதற்காக ஒரு பேச்சா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலும் சொல்ல வேண்டியதுதான்.

இந்த வாயுவை 1772-ல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற இங்கிலாந்துக்காரர் கண்டுபிடித்தார். 1799-ல் ஹம்ப்ரி டேவி என்ற இளைஞர் இதைத் தாமே முகர்ந்து பார்த்தார். சிரிப்பு வந்தது, வலி மறந்தது. அதனால் சிரிப்பு வாயு என்று பெயர் வந்தது. பல் பிடுங்கும்போதும் பிரசவ வலியின்போதும் இன்றும் ஆஸ்பத்திரிகளில் கொடுக்கிறார்கள். வயலில் கிளம்பும் அளவுக்கு யாரும் சிரிக்கவும் மாட்டார்கள், மயங்கவும் மாட்டார்கள். வேலை செய்கிறவர் உடம்புக்கு அந்த அளவால் தீங்கில்லை.

தீங்கு மேலே போய்த்தான். கிளம்பிய வாயு ஆகாயத்தில் நூறு வருஷத்துக்கு மேல் தங்குகிறது. பூமியின் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் சக்தியில், நூறு வருஷக் கணக்குப் பார்த்தால், ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்ஸைடு 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அது மட்டுமல்ல. இன்னும் உயரே போய், சூரியனின் கொடிய கதிர்களைத் தடுக்கிற ஓசோன் படலத்தையும் அரிக்கிறது. நைட்ரஜனின் ஆக்ஸைடுகள் ஓசோனை அழிக்கும் விதத்தை 1970-ல் விளக்கிய பால் குரூட்ஸனுக்கு 1995-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஓசோனை அழிப்பதற்கு இன்று மனிதன் விடுகிற வாயுக்களில் நைட்ரஸ் ஆக்ஸைடே முதலிடத்தில் நிற்கிறது என்று 2009-ல் ரவிசங்கராவும் அவருடைய சகாக்களும் கணக்கிட்டுக் காட்டினார்கள். குளிர்சாதனப் பெட்டியில் போட்ட பழைய வாயுக்களுக்கு உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டுக் கட்டுப்பாடு வைத்தன. அந்த மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இந்த வாயு இல்லை.

தென் துருவத்துப் பனிக்கட்டிக்குள் பழங்காலத்துக் காற்று குமிழிகளாகச் சிறைப்பட்டுக் கிடக்கிறது. அதை வெட்டி எடுத்துப் பார்த்தால், இயந்திரத் தொழில்கள் தோன்றுவதற்கு முன் நூறு கோடி பங்கு காற்றில் இந்த வாயு சுமார் 270 பங்கு இருந்தது தெரிகிறது. 2024-ல் அது 338 பங்குக்கு வந்திருந்தது. 1980-க்கும் 2020-க்கும் இடையில் மட்டும், மனிதர் செயலால் ஆண்டுதோறும் வெளிவரும் அளவு 40 சதவிகிதம் கூடியிருக்கிறது. அதில் நாலில் மூன்று பங்கு விவசாயத்திலிருந்து, முக்கியமாக உரத்திலிருந்தும் எருவிலிருந்தும் வருவது. நாடுகளின் வரிசையில் சீனாவுக்கு அடுத்தது நம் நாடு.

இதைக் கேட்டதும் சில பேர், விவசாயிதான் பூமியைக் கெடுக்கிறான் என்று எழுதக் கிளம்பி விடுகிறார்கள். ஹேபர் 1909-ல் கண்ட முறையை போஷ் 1913-ல் தொழிற்சாலையாக்கி, காற்றிலிருந்து உரம் செய்யத் தொடங்கிய பிறகுதான் உலகத்தில் இத்தனை வாய்க்குச் சோறு கிடைத்தது. நம் நாட்டில் 1951-ல் சிந்திரியில் உரத் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கியபோது அதைப் பஞ்சத்துக்கு விடை என்று ஜனங்கள் கொண்டாடினார்கள். அது தப்பில்லை. இந்த வாயு எப்போது வருகிறது, ஏன் வருகிறது என்று தெரிந்து கொள்ளாமல் யார் மீது பழி போட்டாலும் அது வெறும் வாய்ப் பேச்சு.

மண்ணுக்குள் ஓர் ஆலை

ஆலைத் தோழர்களுக்கு இது சுலபமாக விளங்கும். நூற்பு ஆலையில் பஞ்சு நேராக நூலாகி விடுவதில்லை. கார்டிங்கில் சிலைவர் ஆகிறது, ஸிம்ப்ளெக்ஸில் ரோவிங் ஆகிறது, ரிங் பிரேமில்தான் நூலாகிறது. ஒரு இலாகா விட்ட இடத்தில் அடுத்த இலாகா பிடித்துக் கொள்கிறது. மண்ணுக்குள்ளும் அப்படித்தான். அங்கே வேலை செய்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கில் இருக்கின்றன.

யூரியா ஈர மண்ணில் விழுந்ததும் சில நாளில் அம்மோனியாவாக மாறுகிறது. அதை ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் வாங்கி, பிராணவாயுவைச் சேர்த்து, முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் ஆக்குகின்றன. நைட்ரேட் என்பது வெடியுப்பின் இனம்தான். இந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்து, அவை எப்படிப் பிழைக்கின்றன என்று 1890-ஐ ஒட்டிக் காட்டியவர் ஸெர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி. அம்மோனியாவை எரித்தே அவை உயிர் வாழ்கின்றன, வேறு சாப்பாடு வேண்டியதில்லை என்பதை அன்று பலரால் நம்ப முடியவில்லை.

இது முதல் இலாகா. இதற்குக் காற்று வேண்டும். காற்றோட்டம் குறைந்து மூச்சுத் திணறும்போது இங்கேயே கொஞ்சம் நைட்ரஸ் ஆக்ஸைடு சிந்தி விடும்.

இரண்டாவது இலாகா இதற்கு நேர் எதிர். மண் தண்ணீரில் முழுகிப் பிராணவாயு தீர்ந்து போனால், வேறொரு கூட்டம் நுண்ணுயிர்கள் மூச்சு விட வழியில்லாமல் நைட்ரேட்டைச் சுவாசிக்கத் தொடங்குகின்றன. அதிலுள்ள பிராணவாயுவைப் படிப்படியாக உருவி எடுக்கின்றன. நைட்ரேட் நைட்ரைட்டாகிறது, அது நைட்ரிக் ஆக்ஸைடாகிறது, அது நைட்ரஸ் ஆக்ஸைடாகிறது, கடைசியில் வெறும் நைட்ரஜன். பிரான்ஸில் கேயோனும் துப்பெத்தியும் 1880-களிலேயே இந்த வேலையைச் செய்யும் உயிர்களைப் பிரித்தெடுத்தார்கள்.

இப்போது பாருங்கள். நைட்ரஸ் ஆக்ஸைடு முடிந்த சரக்கல்ல, பாதி வழியில் இருக்கும் சரக்கு. ரிங் பிரேம் ஒழுங்காக ஓடினால் ரோவிங் குவியாது. ரிங் பிரேம் நின்று போய், மற்ற இலாகாக்கள் ஓடிக்கொண்டே இருந்தால்? ரோவிங் குவிந்து வழியில் கொட்டும். மண்ணிலும் அதே கதைதான். கடைசிப் படியைச் செய்கிற நொதிக்குச் செம்பு வேண்டும், பிராணவாயு பட்டால் அது முடங்கி விடும், புளித்த மண்ணிலும் சரியாக வேலை செய்யாது. அது முடங்கினால் பாதிச் சரக்கு வாயுவாக வெளியே கிளம்பி விடும்.

ஆகவே மூன்று கேள்விகள். மண்ணில் பயிருக்கு மிஞ்சிய தழைச்சத்து இருக்கிறதா? நுண்ணுயிர்களுக்குத் தீனியாக எருவும் தாளும் இருக்கிறதா? ஈரம் எப்படி இருக்கிறது? மூன்றாவதுதான் பெரிய கேள்வி. நன்றாக உலர்ந்த மண்ணில் வாயு அதிகம் வராது. எப்போதும் நீர் கட்டி நிற்கும் வயலிலும் அதிகம் வராது. அங்கே இரண்டாவது இலாகா சரக்கைக் கடைசி வரைக்கும் கொண்டு போய் வெறும் நைட்ரஜனாக்கி விடும். இரண்டுக்கும் நடுவில், மண்ணின் இடுக்குகளில் நூற்றுக்கு 60 முதல் 80 பங்கு வரை தண்ணீர் நிற்கும் பதத்தில்தான் வாயு உச்சத்துக்குப் போகிறது. கையில் பிடித்தால் உருண்டை பிடிக்கும், தண்ணீர் சொட்டாது என்று நம் பெரியவர்கள் சொல்லும் பதம் ஏறக்குறைய இந்த எல்லைக்குள் வருவதுதான். ஒரு நாள் நனைந்து மறுநாள் காய்ந்து மூன்றாம் நாள் மறுபடி நனையும் மண்ணில் இரண்டு இலாகாக்களுக்கும் மாறி மாறி வேலை கிடைக்கிறது. வெயிலில் பல வாரம் வெடித்துக் கிடந்த காட்டில் முதல் கோடை மழை விழுந்ததும், ஒரே நாளில் வாயு குபீரென்று கிளம்பி இரண்டு மூன்று நாளில் அடங்கி விடும்.

பெட்டியும் ஊசியும்

இதையெல்லாம் விஞ்ஞானிகள் எப்படிக் கண்டார்கள்? கண்ணுக்குத் தெரியாத வாயு, அதுவும் நூறு கோடியில் சில நூறு பங்கு. அதை எப்படி அளப்பது?

முறை கேட்பதற்கு எளிது. வயலில் ஒரு உலோகச் சட்டத்தை மண்ணுக்குள் இறக்குகிறார்கள். சட்டத்தின் மேல் விளிம்பு ஒரு சிறு வாய்க்கால் போல இருக்கும். அதில் தண்ணீர் விட்டு, அதன் மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்ப்பார்கள். தண்ணீரே காற்றுப் புகாமல் அடைத்து விடும். பயிரும் பெட்டிக்குள்ளேயே நிற்கும். உள்ளே பேட்டரியில் ஓடும் சின்ன விசிறி ஒன்று, வெப்பமானி ஒன்று. பெட்டியின் மேல் ரப்பர் அடைப்பு. அதில் ஆஸ்பத்திரி ஊசியைக் குத்தி உடனே ஒரு தடவை காற்றை உறிஞ்சுவார்கள், அரை மணி கழித்து ஒரு தடவை, ஒரு மணி கழித்து ஒரு தடவை. மண்ணிலிருந்து வாயு வந்து கொண்டிருந்தால் ஒவ்வொரு ஊசியிலும் அளவு ஏறிக்கொண்டே போகும். ஏறுகிற வேகம், பெட்டியின் உயரம், உள்ளே இருக்கும் வெப்பம் இவற்றை வைத்து, ஒரு ஹெக்டேரிலிருந்து எவ்வளவு கிளம்புகிறது என்று கணக்குப் போடுகிறார்கள். நெல் வயலில் பெட்டிக்குப் பக்கத்தில் பலகை போட்டுத்தான் நடப்பார்கள். சேற்றை மிதித்தால் குமிழிகள் கிளம்பிக் கணக்கு கெட்டுப் போகும்.

ஊசியில் பிடித்த காற்றை ஆய்வுக்கூடத்தில் காஸ் குரோமட்டோகிராப் என்ற கருவிக்குள் விடுகிறார்கள். அது காற்றில் கலந்திருக்கும் வாயுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அனுப்பும். வாசலில் ஒரு காவல்காரன் உட்கார்ந்திருக்கிறான். நிக்கல்-63 என்ற கதிரியக்கத் தகடு ஓயாமல் எலெக்ட்ரான்களை வெளியே விட்டுக்கொண்டிருக்க, அதனால் ஒரு சிறு மின்னோட்டம் ஓடும். நைட்ரஸ் ஆக்ஸைடு அந்த வழியே வரும்போது எலெக்ட்ரான்களைப் பிடித்துக் கொள்ளும். மின்னோட்டம் குறையும். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு வாயு. இந்த எலெக்ட்ரான் பிடிக்கும் கருவியை 1957-ஐ ஒட்டி உருவாக்கியவர் ஜேம்ஸ் லவ்லாக். அது வராவிட்டால் இந்த விஞ்ஞானம் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

வாயு எந்த இலாகாவிலிருந்து வந்தது என்று பிரித்தறிய வேறு தந்திரங்கள் உண்டு. நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் வெல்டிங்குக்கு எரிக்கிற அசிட்டிலீன் வாயு இருக்கிறதே, அதைக் கொஞ்சம் மண்ணுக்குள் விட்டால் கடைசிப் படி நின்று போகிறது. நைட்ரஜனாகப் போக வேண்டியதெல்லாம் நைட்ரஸ் ஆக்ஸைடாகவே வெளியே வரும். அசிட்டிலீன் விட்ட மண்ணையும் விடாத மண்ணையும் ஒப்பிட்டால், கண்ணுக்குப் படாமல் போன நைட்ரஜன் எவ்வளவு என்று தெரியும். யோஷினாரியும் நோல்ஸும் 1976-ல் கொண்டு வந்த முறை இது. இதில் குறையும் உண்டு. அசிட்டிலீன் முதல் இலாகாவையும் சேர்த்து நிறுத்தி விடும்.

இன்னொரு வழி நம் சந்தைக்காரர்களுக்குப் பழக்கமானது. மாட்டுக்குச் சூடு போட்டு விட்டால் எந்தப் பட்டியில் இருந்தாலும் அடையாளம் தெரியும் அல்லவா? நைட்ரஜனில் சாதாரண வகையை விடக் கொஞ்சம் கனமான நைட்ரஜன்-15 என்ற வகை உண்டு, கதிரியக்கம் இல்லாதது. அதில் செய்த உரத்தைப் போட்டு, பிறகு பயிரிலும் மண்ணிலும் வாயுவிலும் அந்தக் கனமான வகையைத் தேடினால், போட்ட உரம் எங்கெங்கே போயிற்று என்று பின்தொடர முடியும்.

இத்தனை கருவி இருந்தும் ஒரு சங்கடம் தீரவில்லை. மண் ஒரே சீராக வாயு விடுவதில்லை. பத்தடி தள்ளிப் பெட்டி வைத்தால் வேறு கணக்கு வருகிறது. நாளுக்கு நாள் வித்தியாசம் அதை விடப் பெரிது. ஒரு பருவம் முழுவதும் கிளம்பும் வாயுவில் பெரும் பகுதி சில நாளிலேயே கிளம்பி விடும். உரம் போட்ட பின் வருகிற நாட்கள், மழை பெய்த மறுநாள், வடிந்த வயலில் மறுபடி மடை திறந்த நாள். பத்து நாளுக்கு ஒரு தடவை வந்து பெட்டி வைத்து விட்டுப் போனால் அந்த நாட்கள் தப்பிப் போகும். முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டு ஆலைக்கு வருகிற இன்ஸ்பெக்டர், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று எழுதி விட்டுப் போவது போலத்தான்.

2018-ல் வந்த கணக்கு

தென்னிந்திய நெல் வயல்களைப் பற்றி 2018-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அமெரிக்காவில் ஒரு சுற்றுச்சூழல் நிறுவனத்தைச் சேர்ந்த கிருதி என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் தென்னிந்தியாவில் ஐந்து இடங்களில், நீரைக் கட்டியும் காயவிட்டும் பயிர் செய்த வயல்களில் பெட்டி வைத்து அடிக்கடி அளந்தார்கள். கிடைத்த உச்ச அளவு, ஒரு பருவத்துக்கு ஹெக்டேருக்கு 33 கிலோ நைட்ரஸ் ஆக்ஸைடு. அதுவரை நெல்லில் எங்கும் பதிவான உச்சத்தை விட மூன்று மடங்கு. நம் கணக்கில் ஏக்கருக்கு 13 கிலோ சொச்சம்.

இது எவ்வளவு பெரிய அளவு என்று பார்க்க, உலக நிபுணர் குழு தந்திருக்கும் வழக்கமான வாய்ப்பாட்டைப் போட்டுப் பார்ப்போம். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்பது தமிழ்நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மத்திய, நீண்ட காலப் பயிருக்குச் சொல்லும் சிபாரிசு. ஏக்கருக்கு யூரியா கணக்கில் மூன்று மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. வாய்ப்பாட்டின்படி, மேட்டுப் பயிரில் போட்ட தழைச்சத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு இந்த வாயுவாகப் போகும். மூன்று மூட்டைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வாயு. எப்போதும் நீர் கட்டிய நெல்லில் ஆயிரத்துக்கு மூன்று பங்குதான், அதாவது சுமார் 300 கிராம். வாய்ப்பாடு சொல்வது 300 கிராம், ஒரு வயலில் பெட்டி சொன்னது 13 கிலோ!

விஞ்ஞானிகள் உடனே ஒப்புக்கொண்டு விடவில்லை. சர்வதேச நெல் ஆராய்ச்சிக் கழகத்தில் பணி செய்த வாஸ்மனும் வேறு பலரும் 2019-ல் மறுப்பு எழுதினார்கள். சில வயல்களில் கண்ட மிக உயர்ந்த அளவை எல்லா நெல்லுக்கும் பொதுவாக்கி, நீர் நிர்வாகத்தைப் பற்றி முடிவு கட்டக் கூடாது என்றார்கள். அந்த மறுப்பிலும் பொருள் உண்டு. இரு தரப்பும் கற்றவர்கள். வாதத்தைத் தீர்க்க வழி ஒன்றுதான், இன்னும் பல வயல்களில், இன்னும் பல நாட்கள் பெட்டி வைக்க வேண்டும்.

இந்த வாதம் ஏட்டுச் சண்டையல்ல. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நாம் சொல்லும் பழக்கத்தைத்தான் இது தொடுகிறது. எப்போதும் நீர் கட்டிய வயலில் மீத்தேன் என்ற இன்னொரு வாயு கிளம்புகிறது. அதுவும் பூமியைச் சூடாக்குவதுதான், ஆனால் பன்னிரண்டு வருஷம் போலத்தான் ஆகாயத்தில் இருக்கும். வயலை இடையிடையே காயவிட்டால் மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது, தண்ணீரும் மிச்சமாகிறது. இது நிச்சயம், நல்ல காரியமும்கூட. ஆனால் கடுமையாகக் காயவிட்டு, தழைச்சத்தையும் மிஞ்சப் போட்டு, மறுபடி நனைத்தால், குறைந்த மீத்தேனுக்குப் பதிலாக நைட்ரஸ் ஆக்ஸைடு ஏறுகிறது. ஒன்றை அளந்து மற்றதை அளக்காமல் விட்டால் கணக்கு ஒருதலையாகி விடும். 2018 ஆராய்ச்சியாளர்களும் காயவிடுவதே கூடாது என்று சொல்லவில்லை. மெல்லக் காயவிட வேண்டும், நீரையும் உரத்தையும் சேர்த்தே கவனிக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

நம் பக்கத்து மண்

மேட்டூரிலிருந்து கிழக்குக் கரை, மேற்குக் கரை வாய்க்கால்கள் 1955 முதல் சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்தில் 45,000 ஏக்கருக்குப் பாய்கின்றன. கீழே ஜேடர்பாளையம் அணையிலிருந்து ராஜா வாய்க்கால், கொமராபாளையம் வாய்க்கால், பொய்யேரி வாய்க்கால், மோகனூர் வாய்க்கால். தலைமடையில் இருப்பவன் நினைத்தபோது நனைக்கிறான், நினைத்தபோது காயவிடுகிறான். கடைமடைக்காரனுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. முறை வரும்போது நனையும், வராதபோது வெடிக்கும். அவன் காய்ச்சலும் பாய்ச்சலும் விஞ்ஞானம் படித்துச் செய்வதல்ல. அணையின் நீர்மட்டமும் மேல்மடைக்காரனும் சேர்ந்து அவன் மேல் சுமத்துவது. வாயு வருவதற்கு ஏற்ற நிலை அங்கேதான் அதிகம் என்பது மேலே சொன்னதிலிருந்தே விளங்கும்.

நெல்லை விட இங்கே மேட்டுப் பயிர்களே பெரிது. ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்தில் ஜவ்வரிசிக்கு மரவள்ளி. கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம். பரமத்தி வேலூர் பக்கத்தில் வாழை, கரும்பு, வெற்றிலைக் கொடிக்கால். இந்தத் தோட்டங்களுக்கெல்லாம் நாமக்கல் பண்ணைகளின் கோழிக் குப்பை லாரி லாரியாகப் போகிறது. நல்ல எருதான், மண்ணுக்கு உயிர் தருவது. ஆனால் இயற்கை எரு என்பதால் வாயு வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். கோழிக் குப்பையின் தழைச்சத்து மளமளவென்று அம்மோனியாவாக மாறக் கூடியது. அதோடு இரண்டாவது இலாகாவுக்கு வேண்டிய தீனியும் அதிலேயே இருக்கிறது. குப்பையைக் கொட்டி, அது போதாதென்று யூரியாவையும் தூவி, அன்றைக்கே தண்ணீரும் கட்டினால், மண்ணுக்குள் இருக்கும் ஆலைக்கு மூன்று ஷிப்டும் வேலை கொடுத்தது போல ஆகும்.

ஏன் இவ்வளவு போடுகிறார்கள்? ஆசையால் மட்டுமல்ல. யூரியா மூட்டைக்குச் சர்க்கார் விலைக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது, விவசாயி கொடுப்பது சுமார் 267 ரூபாய். மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் கட்டுப்பாட்டை 1992-ல் தளர்த்தினார்கள். 2010-ல் அவற்றுக்கு மட்டும் வேறு மானிய முறை கொண்டு வந்தார்கள். டி.ஏ.பி. மூட்டை 1350 ரூபாய். கையில் காசில்லாத குத்தகைக்காரன் எந்த மூட்டையை வாங்குவான்? மலிவானதை வாங்கி, மற்ற சத்து இல்லாத குறையையும் அதைக் கொண்டே தீர்க்கப் பார்க்கிறான். பயிர் கரும்பச்சையாகிறது. மற்ற சத்து இல்லாமல் தழைச்சத்தை மட்டும் பயிர் முழுவதும் பிடித்துக்கொள்ள முடியாது. மிஞ்சியது ஆகாயத்துக்குப் போகிறது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. வேப்பம் புண்ணாக்கோடு யூரியாவைக் கலந்து வைத்துப் போடுவது நம் பக்கத்தில் பழைய வழக்கம். வேம்பின் கசப்பு முதல் இலாகாவின் வேகத்தைக் குறைக்கிறது. 2015 முதல் நாட்டில் விவசாயத்துக்குச் செய்யும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வர வேண்டும் என்று விதி. இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் வண்ண அட்டை இருக்கிறது, பயிர் கேட்கும்போது மட்டும் உரம் போட வழி காட்டும். வயலில் ஒரு ஓட்டைக் குழாயை நட்டு, தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மடை திறப்பது இன்னொரு முறை. வேருக்கு எட்டும் ஈரம் தப்பாது, வயல் வெடிக்கவும் செய்யாது.

பயன் தரும் இன்னொரு வழி உரத்தைப் பிரித்துப் போடுவது. ஒரேயடியாகக் கொட்டாமல் மூன்று தடவை, நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் பயிர் வாங்கிக் கொள்ளும், வாயுவுக்கு மிஞ்சாது. இது தெரியாத விவசாயி இல்லை. ஆனால் நான்கு தடவை தூவ நான்கு தடவை ஆள் வேண்டும், நான்கு நாள் கூலி வேண்டும். மூட்டை மலிவாகவும் கூலி கனமாகவும் தெரிகிற இடத்தில், உடையவர் இரண்டு மூட்டையை ஒரே நாளில் கொட்டச் சொல்கிறார். மிச்சப்பட்டது நம் கூலி. செலவானது எல்லோருக்கும் பொதுவான ஆகாயம். இந்த இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்து எழுதும் பழக்கம் இன்னும் வரவில்லை.

ஒரு மூட்டை யூரியா, நூற்றுக்கு ஒரு பங்கு கணக்கில், சுமார் 325 கிராம் நைட்ரஸ் ஆக்ஸைடு கொடுக்கும். அது 89 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், ஏறக்குறைய 38 லிட்டர் பெட்ரோல் எரித்தது போல. வீணாகப் போகும் ஒரு மூட்டையைத் தவிர்த்தால் எவ்வளவு மிச்சம் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம்.

இன்னொரு விஷயம் சொல்லி முடிக்கிறோம். வயலைக் காயவிட்டால் மீத்தேன் குறையும், குறைந்த அளவைக் கார்பன் சான்றிதழாக்கி வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு விற்று உங்களுக்கும் பங்கு தருகிறோம் என்று நம் நாட்டின் பல மாநிலங்களில் ஆட்கள் பாரம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இந்த வியாபாரத்தில் நல்லதும் இருக்கும், பொல்லாததும் இருக்கும். 2024-ல் சீனாவில் இது போன்ற 37 நெல் திட்டங்களை, சான்றிதழ் கொடுக்கிற வெர்ரா என்ற அமைப்பே தள்ளுபடி செய்தது. ஆகவே பாரம் நம் ஊருக்கு வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் சிலவற்றைக் கேட்க வேண்டும். பணம் நிலத்துச் சொந்தக்காரருக்கு மட்டுமா, குத்தகைக்காரருக்கும், இரவில் மடை மாற்றுகிற ஆளுக்கும் அதில் பங்கு உண்டா? மீத்தேனை மட்டும் எண்ணுகிறீர்களா, நைட்ரஸ் ஆக்ஸைடையும் கழிக்கிறீர்களா? கழிப்பது வாய்ப்பாட்டைப் பார்த்தா, பெட்டி வைத்து அளந்தா? பெட்டி வைத்தோம் என்றால், எந்தெந்த நாளில் வைத்தீர்கள்? உரம் போட்ட மறுநாளும், மழை பெய்த மறுநாளும், முறை வைத்துத் தண்ணீர் வந்த நாளும் அதில் உண்டா? பதிலைத் தமிழில், தேதியோடு, எழுத்தில் வாங்கி வைத்துக் கொள்ளுங்கள்.